எத்தனை கால் பூச்சி?

தேவிபிரியாவுக்குப் பயம் என்றால் என்னவென்று அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சரியாகத் தெரியாது. கணக்குப் பரீட்சைக்குக் கொஞ்சம் பயப்படுவாள். எதிர்வீட்டு நாய்க்குக் கொஞ்சம் பயப்படுவாள். அதெல்லாம் ஒரு பயமே இல்லை என்று ஆறு மணிக்கு மேல்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் வீடு. அப்பா சௌடப்பன் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓட்டுகிறார். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதிக்கு மேல் பாடப்புத்தகத்தில் படித்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பூச்சி என்றால் தேவிபிரியாவுக்கு உயிர். பள்ளியில் அறிவியல் சொல்லித்தரும் அமுதவள்ளி டீச்சருக்கும் அப்படித்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் டீச்சர் ‘ஆறுகால் மன்றம்’ என்று ஓர் இணையதளம் தொடங்கினார். பூச்சி பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் பிள்ளைகள் அதில் சேரலாம், படம் போடலாம், “இது என்ன பூச்சி?” என்று கேட்கலாம். தொடங்கும்போது ஒரே வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இப்போது காரியாபட்டி, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் முந்நூறு பேர் இருக்கிறார்கள். விதிகள் மட்டும் அதே ஒன்பதுதான்.

இந்த வருடம் தேவிபிரியாதான் அதற்கு நெறியாளர். விதிப்படி இருக்கும் பதிவை விடுவதும், இல்லாததை நீக்குவதும் அவள் வேலை. அந்த வேலை கிடைத்ததில் இருந்து அவள் நடையே மாறிப்போயிற்று.

போன மாதம் அவள் வகுப்பில் படிக்கும் முகேஷ் ஆசை ஆசையாக ஒரு சிலந்திப் படம் போட்டான். ஐந்து நிமிடத்தில் அதைத் தூக்கிவிட்டாள். “சிலந்திக்கு எட்டுக் கால். இது பூச்சி அன்று. பதிவு நீக்கப்பட்டது” என்று கீழே எழுதினாள்.

மறுநாள் பள்ளியில் முகேஷ் சண்டைக்கு வந்தான். “ஏ புள்ள, ரெண்டு காலு கூட இருந்தா ஒனக்கு என்ன?”

“ஆறுகால்னா ஆறுகால்தான்.”

“விதியக் கொஞ்சம் மாத்தினா என்ன? சிலந்தியும் பாவந்தானே?”

“விதின்னா விதிதான்” என்றாள் தேவிபிரியா. அன்றிலிருந்து முகேஷ் அவளுக்கு ‘விதிக்காரி’ என்று பேர் வைத்துவிட்டான்.

டீச்சர் மாதம் ஒருமுறை அவளைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார். “தேவி, விதியெல்லாம் ஒரு தடவ படிச்சுப் பாரு. ஏதாவது மாத்தணுமா?” தேவிபிரியா படிக்காமலே, “எதுவும் மாத்த வேண்டாம் டீச்சர், எல்லாம் சரியா இருக்கு” என்று சொல்லிவிடுவாள். அந்த ஒன்பது விதியும் அவளுக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே!

அந்தச் சனிக்கிழமை, பொழுது இறங்கும் நேரம். தறிக்கொட்டகை வாசலில் உட்கார்ந்து அம்மாவின் போனில் மன்றத்தைத் திறந்தாள். சோலை என்ற பையன் ஒரு பதிவு போட்டிருந்தான். மூன்றாம் வகுப்புப் பையன், திருச்சுழிப் பக்கம். அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊர் பேரையோ போன் நம்பரையோ யாரும் எழுதக் கூடாது என்பது மன்றத்தின் ஏழாவது விதி.

“எங்க வீட்டுக்குள்ள பூச்சி வந்திருச்சு. கறுப்பு. வெள்ளக் கோடு கோடா இருக்கு. அரிசி மூடைக்குப் பின்னாடி கெடக்கு. என்ன பூச்சிக்கா?”

படம் இல்லை. கால் எண்ணிக்கை இல்லை. தேவிபிரியா உதட்டைப் பிதுக்கினாள். கறுப்பு உடம்பில் வெள்ளை போட்ட தரைவண்டாகத்தான் இருக்கும். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! வழக்கமாக எழுதுவதை எழுதினாள்.

“விதி 3: பூச்சியின் கால்களை எண்ணி எழுதவும். விதி 4: இரண்டு சாண் தூரத்தில் நின்று தெளிவாகப் படம் எடுக்கவும். இவை இல்லாததால் பதிவு நீக்கப்பட்டது.”

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. “சரிக்கா. கிட்டப் போயி எண்ணிட்டு வாரேன்.”

நல்ல பையன், சொன்னால் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

கொட்டகைக்குள் இருந்து தங்கமாரி அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தறிக்குத் தாரில் நூல் சுற்றும் வேலை பார்க்கிறவர். அவருக்கும் திருச்சுழிப் பக்கம்தான். ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஊருக்குப் போக முடியும்.

“தேவி, அந்த டார்ச்சுல பேட்டரிக் கட்டை இருக்கா பாரு. எங்க ஊருப் பாதையில லைட்டு எரியல. போன வாரந்தான் பூச்சி கடிச்சு ஒருத்தர மதுரப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக.”

தேவிபிரியா சிரித்துவிட்டாள். “பூச்சி கடிச்சதுக்குப் பெரியாஸ்பத்திரியா? அது எத்தன கால் பூச்சிக்கா?”

தங்கமாரி அக்கா அவளை விநோதமாகப் பார்த்தார். “காலா? அதுக்கு ஏது காலு?”

“கால் இல்லாத பூச்சி கிடையாதுக்கா.”

“அட கூறுகெட்ட புள்ள! வெளக்கு வைக்கிற நேரத்துல அதோட பேரச் சொல்லலாமா? எங்க ஊருல பொழுது சாஞ்சா பூச்சின்னுதான் சொல்லுவோம்.” அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு கையைப் படம் விரிப்பதுபோல் குவித்துக் காட்டினார். “இதுதான்.”

தேவிபிரியாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

கறுப்பு. வெள்ளைக் கோடு கோடாக. அரிசி மூட்டைக்குப் பின்னால் ‘கிடக்கிறது’. வண்டு எங்கேயாவது கிடக்குமா?

“அக்கா… கறுப்பா, ஒடம்புல வெள்ளக் கோடு கோடா இருந்தா?”

தங்கமாரி அக்காவின் முகம் மாறிவிட்டது. “கட்டுவிரியன். ஐயையோ, எங்க பாத்த?”

“நான் பாக்கல. ஒரு சின்னப் பையன் வீட்டுல. நான்… நான் அவனக் கிட்டப் போயிக் காலை எண்ணச் சொல்லிட்டேன்.”

கிட்டப் போ என்று சொன்னது அவள்தான். இரண்டு சாண் தூரம் என்று அளவு வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

அவசரமாக எழுதினாள். “சோலை, கிட்டப் போகாதே! வெளியே ஓடு!” அனுப்பினாள். படித்தால் பச்சைக் குறி வரும். வரவில்லை. மறுபடி அனுப்பினாள். மூன்றாம் முறையும் அனுப்பினாள். பச்சைக் குறி வரவே இல்லை. அவன் போனை எடுத்துக்கொண்டு படம் பிடிக்கப் போய்விட்டான்.

டீச்சரைக் கூப்பிட்டாள். சேர்ந்தவர்களின் விலாசம் எல்லாம் அவரிடம் இருக்கிறது. ஆனால் டீச்சர் மதுரைக்குப் போயிருந்தார். போன் அணைந்து கிடந்தது.

“எந்த ஊருன்னு சொல்லு தாயி, நான் பேசுறேன்” என்றார் தங்கமாரி அக்கா.

“தெரியாதே! ஊர் பேர எழுதக் கூடாதுன்னு விதி இருக்கே!” தேவிபிரியாவுக்கு அழுகை முட்டியது. சோலை முழங்காலில் குனிந்து மூட்டைக்குப் பின்னால் கையை நீட்டுவது கண்ணுக்குள் வந்து வந்து போனது. கண்ணை மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அழுதால் அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நினைத்து மூக்கை உறிஞ்சினாள். யோசி, தேவி, யோசி. சோலை இதற்கு முன்னால் என்ன போட்டிருக்கிறான்?

ஒரே ஒரு படம்தான். எருக்கஞ்செடியில் இருக்குமே, மஞ்சளும் நீலமுமாக, அந்த வெட்டுக்கிளி. ஏதோ ஒரு சுவரில் உட்கார்ந்திருந்தது. சுவரில் பெயிண்டில் கடைப் பேர் எழுதியிருந்தது. “படத்தில் பூச்சியைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது, விதி 5” என்று சொல்லி அந்தப் படத்தை நீக்கிவிட்டு, வெட்டிச் சிறிதாக்கிப் போடச் சொன்னவளும் அவள்தான்.

நீக்கிய படங்கள் மன்றத்தின் குப்பைக்கூடையில் முப்பது நாள் இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும். குப்பைக்கூடையைத் திறந்தாள். முகேஷின் சிலந்தி இருந்தது. யாரோ போட்ட பூரான் இருந்தது. இன்னும் கீழே, கீழே… அதோ வெட்டுக்கிளி! ‘இரண்டு நாளில் அழிக்கப்படும்’ என்று அதன்மேல் சிவப்பில் எழுதியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கினாள். ‘பொன்னுத்தாய் மாவு மில்.’ அதன் கீழே ஒரு போன் நம்பர். ஒன்பது எண்கள் பளிச்சென்று தெரிந்தன. பத்தாவது எண்ணின்மேல் வெட்டுக்கிளி சவுகரியமாக உட்கார்ந்திருந்தது.

“எந்திரியேன்!” என்று படத்தைப் பார்த்துக் கத்தினாள் தேவிபிரியா.

வெட்டுக்கிளியின் பின்னங்காலைத் தாண்டி இரண்டு வளைவு மட்டும் எட்டிப் பார்த்தது. மூன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டாக இருக்க வேண்டும்.

மூன்றைப் போட்டாள். யாரோ ஓர் அம்மா எடுத்து, “ராங் நம்பருங்க” என்று வைத்துவிட்டார். எட்டைப் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

“அலோ! பால்சாமி பேசுறேன், மாவு மில்லு!” பின்னால் கடகடவென்று இரைச்சல். இந்தப் பக்கம் நான்கு தறியும் தடதடக்கின்றன.

“அண்ணே, சோலை வீட்டுல பூச்சிண்ணே! பூச்சி!”

“என்னது? மாவுல பூச்சியா?” அந்தக் குரலுக்குக் கோபம் வந்துவிட்டது. “இருவது வருசமா மில்லு ஓட்டுறேன். எங்க மாவுல பூச்சி வந்ததா ஒருத்தர் சொன்னதில்ல. ஒழுங்கா மூடி வைக்கணும்மா!”

“மாவுல இல்லண்ணே! வீட்டுல!”

“வீட்டுல வச்ச பெறகு வந்தா அதுக்கு நான் என்ன செய்யிறது?”

அவர் வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. தேவிபிரியா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, “தறிய நிறுத்துப்பா!” என்று அலறினாள். அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை. எதற்கு என்று கேட்காமல் நான்கு தறியையும் நிறுத்தினார். கொட்டகை திடீரென்று அமைதியானது. அந்த அமைதியில் அவள் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

“பாம்பு! பாம்பு! சோலை வீட்டுக்குள்ள கட்டுவிரியன் பாம்பு!”

தங்கமாரி அக்கா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் மில்லின் இரைச்சல் நின்றது.

“மாயக்கா மகன் சோலையா? ரெண்டு வீடு தள்ளித்தாம்மா! அவுக அம்மா டவுனு மில்லுக்கு வேலைக்குப் போயிருக்காக. பயலும் பாப்பாவும்தான் இருக்கும். பாப்பா தரையிலதானே படுத்துத் தூங்கும்!”

பாப்பா வேறு இருக்கிறதா! தேவிபிரியா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பால்சாமி போனை அணைக்காமலே ஓடினார். செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு நாய் குரைத்தது. தகரக் கதவைத் தட்டும் சத்தம். “ஏலே சோலை! அசையாத! அப்படியே பின்னால வா. திரும்பாத, பின்னால வா…”

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

தேவிபிரியா போனைக் காதோடு வைத்து அழுத்தினாள். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கமாரி அக்கா பஸ்ஸை மறந்துவிட்டார். ‘நான் இனிமேல் எந்த விதியும் சொல்ல மாட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது’ என்று திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. போனில் பார்த்தபோது மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது.

“அலோ, இருக்கியாம்மா?” பால்சாமிக்கு மூச்சு வாங்கியது. “ரெண்டு பேரையும் வெளிய தூக்கியாந்துட்டேன். கதவச் சாத்திட்டேன். ஒண்ணும் ஆகல. தீயணைப்புக்காரவுகளுக்குச் சொல்லியாச்சு, வாராக.”

“கடிக்கலையே? நல்லாப் பாத்தீங்களா?”

“கையி காலு எல்லாம் பாத்துட்டேன். ஒரு கீறல் இல்ல. பய மூடைக்கு முன்னாடி மண்டி போட்டுக் குனிஞ்சுக்கிட்டு இருக்கான்மா! இன்னும் ஒரு சாண் போயிருந்தா… இந்தா, அவனே பேசுறான்.”

சின்னக் குரல் ஒன்று வந்தது. “அக்கா, நான் நல்லா எண்ணிப் பாத்துட்டேன். அதுக்குக் காலே இல்லக்கா.”

தேவிபிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுகைதான் முந்திக்கொண்டது. “சோலை, பாம்புன்னு தெரிஞ்சும் ஏன்டா போன? பெரியவங்களக் கூப்பிட வேண்டியதுதானே?”

“கூப்பிட்டா கம்பெடுத்து அடிச்சே கொன்னுருவாகக்கா. நல்ல பூச்சியா கெட்ட பூச்சியான்னு மொதல்ல ஒங்ககிட்டக் கேப்போம்னு நெனச்சேன். ஒங்க மன்றந்தான் பூச்சி மன்றமாச்சே! நீங்கதான் கிட்டப் போகச் சொன்னீக.”

“ஆமா. நான்தான் சொன்னேன். தப்பு என்னோடதுதான்” என்றாள் தேவிபிரியா.

தீயணைப்புக்காரர்கள் வந்து, நீளக் கம்பியால் அதைப் பிடித்துச் சாக்கில் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் விடுவதற்குக் கொண்டுபோனார்கள். அதை அடிக்கவில்லை என்று சோலைக்கு ரொம்பச் சந்தோசம். ஏழரை மணி பஸ்ஸில் தங்கமாரி அக்காவை அப்பாவே கொண்டுபோய் ஏற்றிவிட்டார். தேவிபிரியா அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிரச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை டீச்சரிடம் அவளாகவே போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “என்னய நெறியாளர் வேலையில இருந்து எடுத்துருங்க டீச்சர்.”

அமுதவள்ளி டீச்சரின் முகமும் வெளிறித்தான் இருந்தது. “கால எண்ணு, ரெண்டு சாண் தூரத்துல நில்லுன்னு எழுதினது நான்தான் தேவி. நம்ம வகுப்புப் பன்னெண்டு பிள்ளைகளுக்காக, பள்ளிக்கூடத் தோட்டத்துல வண்டு பாக்குறதுக்காக எழுதினேன். முந்நூறு பேர் வந்த பெறகும் திருத்தல. உன்னய எடுத்துட்டா இதை யாரு மாத்துறது?” என்றவர், மாதாமாதம் கேட்கும் கேள்வியையே கேட்டார். “சொல்லு, ஏதாவது மாத்தணுமா?”

தேவிபிரியா பையில் இருந்து நான்கு பக்கம் எழுதிய தாளை எடுத்து நீட்டினாள்.

அந்த வாரம் மன்றத்தில் அவள் ஒரு கேள்வி போட்டாள். “உங்க ஊர்ல எதையெல்லாம் பூச்சின்னு சொல்லுவீங்க?” நூற்றுக்கு மேல் பதில் வந்தது. தேள் என்றார்கள், பூரான் என்றார்கள், அட்டை என்றார்கள். நாற்பது பேர் பாம்பு என்றார்கள். அதிலும் பாதிப் பேர், பகலில் எழுதுவதால்தான் பேரைச் சொல்கிறோம் என்று சேர்த்து எழுதியிருந்தார்கள். அவள் வீட்டிலேயே அப்பா, “நம்ம கன்னடத்துலயும் அப்படித்தானே சொல்லுவாங்க, உனக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டார். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

ஒரு வாரத்தில் புது விதிகள் வந்தன. முதல் விதி கொட்டை எழுத்தில் இருந்தது. “கால் தெரியாத எதற்கும் பக்கத்தில் போகாதே. படம் வேண்டாம், எண்ண வேண்டாம். வெளியே வா. பெரியவரைக் கூப்பிடு. எழுதுவதெல்லாம் அப்புறம்.” ‘ஆறுகால் மன்றம்’ என்ற பேர் மாறவில்லை. ஆனால் ‘விருந்தாளிகள்’ என்று ஒரு புதுப் பகுதி வந்தது. ஆறு கால் இல்லாதவர்களும் அதில் வரலாம். குப்பைக்கூடையில் இருந்து முகேஷின் சிலந்திதான் முதல் விருந்தாளியாக எழுந்து வந்தது.

“விதிக்காரி விதிய மாத்திட்டாளாம்!” என்று முகேஷ் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த சனிக்கிழமை, அதே பொழுது இறங்கும் நேரம். போனில் ஒரு பதிவு வந்து விழுந்தது. சோலை.

“அக்கா, எங்க வீட்டுல பூச்சி.”

தேவிபிரியா போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைப் படித்தாள்.

“காலு ஆறு. நானும் எண்ணிட்டேன், பால்சாமி மாமாவும் எண்ணிட்டாரு. வாசல்ல நின்னுதான் எண்ணுனோம். கரப்பான்னு நெனைக்கேன். அது பாப்பா கொலுசுமேல உக்காந்திருக்கு, இப்ப கிட்டப் போகலாமாக்கா?”